சறுக்குவண்டியில் வந்த கணினி

கணினியைக் கம்பளியில் சுற்றி, கயிறு போட்டு இறுக்கி, பனி ஸ்கூட்டரின் பின்னால் கட்டியிருந்த சறுக்குவண்டியில் ஏற்றினார் வெய்க்கோ மாமா. பார்க்கிறவர்களுக்குக் காய்ச்சல்காரர் ஒருவரை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோவது போலத் தெரியும்.

"மெதுவா மாமா" என்றாள் ஹெய்னி.

"காட்டுல மரம் ஏத்தற கை இது. ஒரு பொட்டிய ஏத்தத் தெரியாதா எனக்கு?" என்றார் மாமா. அவர் மீசையில் பனி உறைந்து, வெள்ளை பிரஷ் மாதிரி விறைத்து நின்றது.

பள்ளிக்கூடத்தின் கொதிகலன் கெட்டுப்போய்விட்டது. வகுப்பறைக்குள்ளேயே மூச்சு விட்டால் புகை வந்தது. திங்கட்கிழமையோ கிறிஸ்துமஸ் விழா. பிள்ளைகள் எழுதிய கதைகளை எல்லாம் சேர்த்து ஒரு சின்னப் புத்தகமாக அன்று கொடுக்க வேண்டும். தட்டச்சு செய்யும் பொறுப்பு ஹெய்னியுடையது. பத்து வயதுதான் ஆகிறது, ஆனால் அந்தப் பள்ளியில் பத்து விரலாலும் தட்டத் தெரிந்தவள் அவள் ஒருத்திதான்.

"கணினிய வீட்டுக்கே எடுத்துட்டுப் போ. மிச்சத்த அடிச்சு முடி. திங்கக்கெழம காலையில ரஸ்க்க என் கையில குடு. நூலகத்துல அச்சடிச்சுட்டு வந்துடறேன்" என்று சொல்லியிருந்தார் தூலிக்கி டீச்சர்.

ரஸ்க் என்றால் காபியில் தோய்க்கிற ரஸ்க் இல்லை. ஃபிளாப்பி. உள்ளங்கை அகலத்தில் சதுரமாக, ஓரத்தில் சின்னத் தகரக் கதவு வைத்த தட்டு. கணினியின் முன்னால் இருக்கும் கீற்றில் அதைச் செருகினால், உள்ளே எழுதி வைத்ததை எல்லாம் கணினி படித்துக் காட்டும். தொட்டால் விறைப்பாக இருப்பதால் பின்லாந்துக்காரர்கள் அதற்கு ரஸ்க் என்றே பெயர் வைத்துவிட்டார்கள்.

ஹெய்னியின் நீல ரஸ்க்கில் பள்ளிக்கூடத்தின் எல்லாப் பிள்ளைகளின் கதைகளும் இருந்தன. மற்றவர்கள் கதையைக் காகிதத்தில் எழுதிக் கொடுத்தார்கள். ஒருவனுடைய கதை மட்டும் காகிதத்தில் இல்லை.

அவன் பெயர் ஒன்னி. ஏழு வயது. இன்னும் எழுதக் கற்றுக்கொண்டிருக்கிறான். பேச்சும் குறைவு. யாராவது எதையாவது கேட்டால் தரையைப் பார்ப்பான். இன்னொரு தடவை கேட்டால் சுவரைப் பார்ப்பான். மூன்றாவது தடவை கேட்பவர்கள் பொறுமை இழந்து போய்விடுவார்கள்.

ஒருநாள் பள்ளி விட்டு வண்டிக்குக் காத்திருந்தபோது, தட்டச்சு செய்துகொண்டிருந்த ஹெய்னியின் பக்கத்தில் வந்து உட்கார்ந்தான். அவள் ஒன்றும் கேட்கவில்லை. அவளுக்கு வேலை இருந்தது. ரொம்ப நேரம் கழித்து அவன் வாயைத் திறந்தான்.

"ஒரு கரடி" என்றான்.

ஹெய்னி 'ஒரு கரடி' என்று அடித்தாள். திரையில் அந்த எழுத்துகளைப் பார்த்ததும் ஒன்னியின் கண் விரிந்தது. அதற்குப் பிறகு வண்டி வருகிற வரைக்கும் அவன் நிறுத்தவே இல்லை. கதையின் கடைசி வரி மட்டும் வரவில்லை. "அது இன்னும் எனக்குத் தெரியல" என்று சொல்லிவிட்டு ஓடிப்போனான்.

"உன் கதை இதுக்குள்ள பத்திரமா இருக்கு" என்று நீல ரஸ்க்கைக் காட்டி அவனுக்கு வாக்குக் கொடுத்திருந்தாள் ஹெய்னி. சனிக்கிழமை மாலை அவன் அம்மாவுக்குப் படித்துக் காட்டுவதாகவும் சொல்லியிருந்தாள்.

இன்றுதான் சனிக்கிழமை.

அதனால்தான் அவள் ரஸ்க்கைச் சறுக்குவண்டியில் வைக்கவில்லை. கோட்டுக்கு உள்ளே, நெஞ்சுப் பையில் வைத்திருந்தாள். வைத்துக்கொண்டு பள்ளிக்கூடப் படியில் இறங்கும்போதுதான் கால் வழுக்கியது. குப்புற விழுந்தாள். நெஞ்சுக்குக் கீழே 'டக்' என்று ஒரு சத்தம்.

மாமா ஸ்கூட்டரைக் கிளப்பிக்கொண்டிருந்தார். அவர் பார்க்கவில்லை.

ஹெய்னி எழுந்து பனியைத் தட்டினாள். பைக்குள் கையை விட்டாள். ரஸ்க் முழுசாகத்தான் இருந்தது. இல்லை, மூலையில் ஒரு கீறல். அது முன்பே இருந்ததா? அவளுக்கு நினைவில்லை.

உறைந்த ஏரியின் மேல் ஸ்கூட்டர் பறந்தது. குளிர் இருபத்தெட்டு டிகிரி, பூஜ்யத்துக்குக் கீழே. அவளுக்குக் குளிரே தெரியவில்லை. 'டக்' என்ற சத்தம்தான் காதுக்குள் திரும்பத் திரும்பக் கேட்டது.

வீட்டுக் கதவைத் திறந்து உள்ளே வந்ததும் ஹெய்னியின் மூக்குக் கண்ணாடி முழுக்க வெள்ளையாகிவிட்டது. எப்போதும் நடப்பதுதான். அவள் கதவருகே அப்படியே நின்றாள்.

"ஆந்தைக்கு மூடுபனி வந்தாச்சு" என்றார் மாமா, கணினியைச் சுமந்தபடி. "தொடைச்சுக்கயேன்."

"தொடைச்சா ஈஷிக்கும் மாமா. நின்னா தானாப் போயிடும்."

அம்மா எய்லா சமையலறையில் மாவுக் கையோடு நின்றிருந்தாள். பெரிய பானையில் உருளைக்கிழங்கு கொதித்துக்கொண்டிருந்தது. அந்த வீட்டில் ஒரு வழக்கம் உண்டு. குளிரிலிருந்து யார் வந்தாலும் முதலில் அடுப்புப் பக்கத்தில் உட்கார வைத்துவிடுவாள் அம்மா. தபால்காரர் வந்தாலும் அப்படித்தான். பக்கத்து வீட்டு நாய் வந்தாலும் அப்படித்தான்.

"பாவம், சில்லுனு இருக்கே" என்று கணினியின் தலையைத் தொட்டுப் பார்த்தாள். "அடுப்புக்கிட்டயே வை வெய்க்கோ. கொஞ்சம் சூடேறட்டும்."

மேசையை அடுப்பருகே இழுத்தார்கள். கணினி அதன்மேல் உட்கார்ந்தது. மாமா கம்பிகளைச் செருகினார். ஹெய்னியின் கண்ணாடி தெளிந்தது. பொத்தானை அழுத்தினாள். திரையில் வெளிச்சம் வந்தது.

நெஞ்சுப் பையிலிருந்து நீல ரஸ்க்கை எடுத்தாள். கீற்றுக்குள் தள்ளினாள்.

கர்ர்ர்.

வழக்கமாக அது பூனை தூங்குகிற மாதிரி மெல்ல உறுமும். இந்தச் சத்தம் அப்படி இல்லை. மரக்கட்டையை அரம் போட்டு ராவுகிற சத்தம்.

திரையில் ஒரு கட்டம் வந்தது.

'தட்டு பிசையப்படவில்லை. இப்போது பிசையட்டுமா?' என்று கேட்டிருந்தது. கீழே இரண்டு பொத்தான்கள். 'ஆம்.' 'வேண்டாம்.'

கணினி மாவா பிசையும் என்று சிரிக்கக் கூடாது. பின்லாந்து மொழியில் மாவு பிசைவதற்கும், ஃபிளாப்பியைத் துடைத்துப் புதுசாக்குவதற்கும் ஒரே சொல்தான். யாரோ சொல்லுக்குப் பஞ்சம் வந்த நாளில் அப்படி வைத்துவிட்டார்கள்.

"என்ன கேக்குது?" என்று எட்டிப் பார்த்தார் மாமா.

"படிக்க முடியலையாம்" என்றாள் ஹெய்னி. 'வேண்டாம்' என்ற பொத்தானை அமுக்கி, ரஸ்க்கை வெளியே எடுத்தாள்.

"இங்க குடு" என்றார் மாமா. ரஸ்க்கை வாங்கினார். உப்பென்று ஊதினார். தொடையில் தட்டினார். மறுபடியும் செருகினார்.

கர்ர்ர். அதே கட்டம்.

கணினியின் பக்கவாட்டில் உள்ளங்கையால் ஒரு அறை விட்டார். "ஒரு அறை விட்டா, என் டிராக்டர் அதுக்கு மேல ஒரு நாளும் முரண்டு பண்ணதில்ல" என்றார்.

கர்ர்ர். அதே கட்டம்.

"ரஸ்க்கக் காபியில தோய்ச்சுப் பாரேன்" என்றாள் அம்மா, மாவைப் பார்த்தபடியே.

"வெளையாடாதக்கா. யோசிச்சிட்டு இருக்கேன்." மாமா குனிந்து, திரையை விரல் வைத்துப் படித்தார். படித்ததும் முகம் மலர்ந்தது. "அட, அதுவே சொல்லுதே. பிசையலையாம். பிசையட்டுமான்னு மரியாதையாக் கேக்குது. பிசையாத மாவு எப்படி ரொட்டியாகும்? பிசையச் சொல்லிட்டாப் போச்சு."

அவருடைய தடித்த விரல் 'ஆம்' என்பதை நோக்கி இறங்கியது.

ஹெய்னி பாய்ந்து அந்த விரலைப் பிடித்துக்கொண்டாள். கன்றுக்குட்டியின் வாலைப் பிடிப்பது போல இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள்.

"வேணாம் மாமா. விடுங்க. வேணாம்."

"என்னடி இது? உதவி பண்றவன் வெரல ஒடைக்கிற?"

"பிசைஞ்சா உள்ள இருக்கறது எல்லாம் போயிடும். அம்மா நேத்து பூனை மாதிரி ஒரு ரொட்டி பண்ணாங்க இல்ல? சரியில்லன்னு திரும்பப் பிசைஞ்சாங்க. பூனை எங்க போச்சு?"

மாமா யோசித்தார். "போயே போச்சு."

"அதே மாதிரிதான். பள்ளிக்கூடத்துல நாங்க வரைஞ்ச பனிமனிதன் படம் ஒண்ணு இப்படித்தான் போச்சு. ஒருத்தன் 'ஆம்'னு அமுக்கிட்டான்."

மாமா விரலை மெதுவாக விடுவித்து, இரண்டு கையையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டார். அவை மறுபடி தானாக எதையாவது அமுக்கிவிடுமோ என்று அவருக்கே பயமாக இருந்தது போலும்.

"அப்போ ரஸ்க்தான் கெட்டுப் போச்சு" என்றார்.

ஹெய்னிக்கு அழுகை முட்டியது. படியில் விழுந்தது ஞாபகம் வந்தது. சொல்லலாமா? சொன்னால் உண்மையாகிவிடும் போல இருந்தது. சொல்லாவிட்டாலும் உள்ளேயே குத்திக்கொண்டு கிடக்கும்.

"மாமா" என்றாள். "நான் படியில விழுந்துட்டேன். ரஸ்க் மேலயே விழுந்துட்டேன். டக்னு சத்தம் கேட்டுச்சு."

அம்மா மாவிலிருந்து கையை எடுத்தாள். மாமா மீசையைத் தடவினார். திட்டுவார் என்று ஹெய்னி எதிர்பார்த்தாள்.

"அடி பட்டுச்சா உனக்கு?"

"இல்ல."

"அப்போ சரி" என்றார் மாமா. பிறகு சொன்னார்: "லாரி நின்னு போச்சுன்னா, எண்ணெய் கெட்டதா, என்ஜின் கெட்டதான்னு எப்படிப் பாப்பேன் தெரியுமா? வேற எண்ணெய் ஊத்திப் பாப்பேன்."

ஹெய்னி நிமிர்ந்து பார்த்தாள். "அப்போ வேற ரஸ்க் போட்டுப் பாக்கலாம்."

"அதத்தான சொல்றேன்" என்றார் மாமா. உண்மையில் அவர் அதைச் சொல்ல வரவில்லை. லாரியைப் பற்றிச் சொல்லிக்கொண்டிருந்தார், அவ்வளவுதான்.

கணினியோடு வந்த அட்டைப்பெட்டியைத் துழாவினாள் ஹெய்னி. அடியில் ஒரு கறுப்பு ரஸ்க் கிடந்தது. அதில் ஒரு சீட்டு விளையாட்டு இருந்தது. போன வாரம்கூடப் பள்ளிக்கூடத்தில் நன்றாக ஓடியது. இது கீழே விழவில்லை. யாரும் இதன்மேல் குப்புற விழவில்லை.

கறுப்பு ரஸ்க்கை உள்ளே தள்ளினாள். மூச்சைப் பிடித்துக்கொண்டாள். இந்த விளையாட்டு ஓடினால் தன் ரஸ்க் உடைந்தது நிச்சயம்.

கர்ர்ர்.

'தட்டு பிசையப்படவில்லை. இப்போது பிசையட்டுமா?'

"இதுவும் போச்சா?" என்றார் மாமா.

ஹெய்னிக்கோ ஒரு கூடை கல்லை இறக்கி வைத்தது போல இருந்தது. "மாமா, ரெண்டு ரஸ்க்கும் ஒரே நேரத்துல எப்படிக் கெடும்? ரஸ்க் நல்லாத்தான் இருக்கு. படிக்கிற வாய்தான் சரியில்ல."

"வாயின்னா கழட்டிடலாம். திருப்புளி எங்க?"

"வேணாம்" என்று அம்மாவும் மகளும் ஒரே குரலில் சொன்னார்கள்.

அம்மா சன்னலைப் பார்த்தாள். மூன்று மணிதான் ஆகிறது, வெளியே இருட்டிவிட்டது. "ஹெய்னி, சவுனா அடுப்புல ரெண்டு கட்ட போட்டுட்டு வா. சனிக்கிழமையாச்சே, மார்கெத்தாவும் ஒன்னியும் குளிக்க வந்துடுவாங்க."

ஒன்னி. அந்தப் பெயரைக் கேட்டதும் இறக்கி வைத்த கல்லெல்லாம் திரும்ப ஏறிக்கொண்டது. ரஸ்க் நல்லாயிருந்து என்ன? படிக்க முடியாத கதை இருந்தும் இல்லாத கதைதானே. அதுவும் இப்படிக் கர்ர்ர் என்று ராவி ராவி, நீல ரஸ்க்குக்கும் காயம் பட்டிருந்தால்?

கோட்டை மாட்டிக்கொண்டு, முற்றம் தாண்டிச் சவுனாவுக்கு ஓடினாள். நீராவிக் குளியலுக்கான அந்தச் சின்ன மர அறையின் அடுப்பில் விறகைப் போட்டாள். திரும்ப ஓடி வந்தாள். வழியில் அவர்கள் இரண்டு பேரையும் கண்டாள். ஒன்னியின் அம்மா மார்கெத்தா துண்டுகளைச் சுமந்திருந்தாள். ஒன்னி அவள் கோட்டுக்குப் பின்னால் இருந்தான்.

மூன்று பேரும் ஒன்றாக உள்ளே வந்தார்கள். கதவு மூடியதும் ஹெய்னியின் கண்ணாடி வெள்ளையாகிவிட்டது.

"வாங்க வாங்க. என்னடா ஒன்னி, கதை எழுதியிருக்கியாமே? என்ன கதை? கரடி கதையா? கரடி கடிச்சுதா?" என்று மாமாவின் குரல் கேட்டது.

ஹெய்னிக்கு ஒன்றும் தெரியவில்லை. எல்லாம் வெள்ளை. ஆனால் ஒன்னி இப்போது தரையைப் பார்க்கிறான் என்று பார்க்காமலே தெரிந்தது.

அவள் கதவருகே நின்றாள். தொடைச்சா ஈஷிக்கும். நின்னா தானாப் போயிடும்.

கொஞ்சம் கொஞ்சமாகக் கண்ணாடியின் ஓரம் தெளிந்தது. அந்த ஓரத்தின் வழியாக முதலில் தெரிந்தது கணினிதான். தன்னைப் போலவே வெளியே கிடந்து, குளிரில் வந்து, வந்ததும் அடுப்பருகே உட்கார வைக்கப்பட்ட கணினி. பக்கத்தில் உருளைக்கிழங்குப் பானை ஆவி விட்டுக்கொண்டிருந்தது.

கோட்டைக்கூடக் கழற்றாமல் நேராகப் போனாள். கணினியின் முதுகுப் பக்கம், அடுப்புச் சூடு படாத பக்கம், தகரத்தில் விரலை வைத்து இழுத்தாள்.

விரல் போன வழியில் ஒரு கோடு விழுந்தது. கோட்டின் நுனியில் ஒரு துளி தண்ணீர் திரண்டு வழிந்தது.

"மாமா" என்றாள். "இதுக்கும் மூடுபனி."

"எதுக்கு?"

"கணினிக்கு. என் கண்ணாடி மாதிரியே. உள்ள இருக்கற முனை ரஸ்க்கத் தடவித்தான் படிக்கும்னு டீச்சர் சொல்லியிருக்காங்க. அது முழுக்க ஈரமா இருக்கு. நனைஞ்ச கண்ணாடியப் போட்டுட்டு எப்படிப் படிக்கிறது?"

அம்மா பானையைப் பார்த்தாள். அடுப்பைப் பார்த்தாள். "அய்யோ, நான்தான வெச்சேன் அடுப்புக்கிட்ட."

"நீங்க நல்லதுக்குத்தான வெச்சீங்க. கணினிக்குத்தான் வேணாம்னு சொல்லத் தெரியல."

மாமா துள்ளி எழுந்தார். "ஈரம்தான? சவுனாவுல வெச்சா அஞ்சு நிமிஷத்துல காஞ்சிடும். தூக்கு."

"சவுனாவுல தண்ணி ஊத்துவீங்க மாமா. ஆவி வரும்."

"நான் ஊத்தாம இருக்கேன்."

"நீயா?" என்றாள் அம்மா.

மாமா உட்கார்ந்துவிட்டார்.

ஹெய்னி பொத்தானை அமுக்கிக் கணினியை அணைத்தாள். அம்மாவும் மாமாவும் அதைத் தூக்கிக்கொண்டு போய், படுக்கையறையில் வைத்தார்கள். அங்கே அடுப்பில்லை, பானையில்லை. இளஞ்சூடும் உலர்ந்த காற்றும்தான். நீல ரஸ்க்கை ஹெய்னி துணியில் சுற்றவில்லை, ஊதவில்லை, துடைக்கவில்லை. அதன் தகரக் கதவை மட்டும் மெல்லத் திறந்து, சின்ன மரக்குச்சி ஒன்றைக் கதவிடுக்கில் வைத்து, புத்தக அலமாரியின் மேல் படுக்கப் போட்டாள்.

"எவ்வளவு நேரம்?" என்றார் மாமா.

"தெரியல."

"தெரியலன்னா எப்படி? நடுவுல ஒரு தடவ போட்டுப் பாக்கலாம்ல?"

"ஈரத்தோட சுத்தினா ரஸ்க்ல கீறல் விழும். இனிமே ஒரு தடவகூடப் போடக் கூடாது." சொல்லிவிட்டாளே தவிர, போட்டுப் பார்க்க வேண்டும் என்று அவள் விரல்களும்தான் நமநமவென்று இருந்தன. கைகளை முழங்காலுக்கு அடியில் வைத்து உட்கார்ந்துகொண்டாள்.

ஒன்னி வந்து பக்கத்தில் உட்கார்ந்தான். கணினியைப் பார்த்தான். அவளைப் பார்த்தான்.

பொய் சொல்லலாம் என்று ஒரு நிமிஷம் தோன்றியது. எல்லாம் நன்றாக இருக்கிறது, நாளைக்குப் படிக்கலாம் என்று சொல்லிவிடலாம்.

"உன் கதை இதுல இருக்கு" என்று நீல ரஸ்க்கைக் காட்டினாள். "ஆனா இப்போ படிக்க முடியல. படிக்க வருமான்னு இன்னும் எனக்குத் தெரியாது. காயற வரைக்கும் காத்துக்கிட்டு இருக்கேன்."

ஒன்னி தரையைப் பார்க்கவில்லை, சுவரையும் பார்க்கவில்லை. அவனும் கைகளை முழங்காலுக்கு அடியில் வைத்துக்கொண்டான்.

மார்கெத்தா வந்து கூப்பிட்டாள். "குளிக்க வா ஒன்னி." ஒன்னி தலையை ஆட்டினான். வரமாட்டானாம்.

"நானும் அப்புறமா வரேன் அத்தை" என்றாள் ஹெய்னி.

சமையலறையில் மாமா இந்தப் பக்கம் நான்கு அடி, அந்தப் பக்கம் நான்கு அடி நடந்துகொண்டிருந்தார். படுக்கையறைக் கதவில் எட்டி எட்டிப் பார்த்தார். "காஞ்சிருக்குமா?" என்றார். இன்னொரு தடவை, "இப்போ?" என்றார்.

அம்மா ஒரு பெரிய கிண்ணத்தை அவர் முன்னால் டக்கென்று வைத்தாள். "பிசையணும் பிசையணும்னு அப்பவே துடிச்சியே. இந்தா, இதப் பிசை."

மாமா முழங்கை வரை சட்டையை மடித்துவிட்டுக் ரை தானிய மாவைப் பிசைய ஆரம்பித்தார். அதன்பிறகு வீடு அமைதியானது.

காத்திருப்பது மரம் வெட்டுவதைவிடக் கஷ்டம். மரம் வெட்டினால் சிராயாவது பறக்கும். காத்திருந்தால் ஒன்றுமே பறப்பதில்லை. அம்மாவும் மார்கெத்தாவும் குளித்து முடித்து வந்தார்கள். மாமா மாவை மூடி வைத்துவிட்டுச் சவுனாவுக்குப் போனார். ஹெய்னி எழுந்து கணினியின் முதுகில் விரலை இழுத்தாள். கோடு விழவில்லை. உட்கார்ந்தாள். இன்னும் கொஞ்ச நேரம் கழித்து, ஒன்னி எழுந்து போய் அவன் விரலை இழுத்தான். விரலை விளக்கு வெளிச்சத்தில் பார்த்தான். உதட்டில் வைத்துப் பார்த்தான்.

"காஞ்சிருக்கு" என்றான். அன்று அவன் பேசிய முதல் வார்த்தை அது.

ஹெய்னி பொத்தானை அழுத்தினாள். திரையில் வெளிச்சம் வந்தது. அவள் கை நீல ரஸ்க்கை நோக்கிப் போய், பாதியில் நின்றது. கறுப்பு ரஸ்க்கை எடுத்தாள்.

"மொதல்ல இது" என்றாள். "ஏதாவது ஆனா சீட்டு விளையாட்டோட போகட்டும்."

உள்ளே தள்ளினாள்.

உர்ர். பூனை தூங்குகிற சத்தம். திரையில் சீட்டுக்கட்டு வரிசையாக விரிந்தது.

ஹெய்னி ஒன்னியைப் பார்த்தாள். ஒன்னி ஹெய்னியைப் பார்த்தான். இரண்டு பேருக்கும் சிரிக்கப் பயமாக இருந்தது.

நீல ரஸ்க்கின் கதவிடுக்கிலிருந்து குச்சியை எடுத்தாள். தகரக் கதவு 'டக்' என்று மூடியது.

அவள் அப்படியே நின்றாள். அதே சத்தம். படியில் விழுந்தபோது கேட்ட அதே 'டக்'. ரஸ்க் உடைந்த சத்தம் இல்லை அது. அதன் கதவு திறந்து மூடிய சத்தம்.

"நீ போடு" என்று ரஸ்க்கை ஒன்னியிடம் கொடுத்தாள்.

ஒன்னி இரண்டு கையாலும் வாங்கி, அம்புக்குறி இருந்த பக்கத்தை முன்னால் வைத்து, கீற்றுக்குள் தள்ளினான். உர்ர் என்றது. உர்ர், உர்ர் என்றது. பெயர்கள் ஒவ்வொன்றாகத் திரையில் வந்தன. கடைசிப் பெயர், 'ஒன்னி, கரடி.'

"அம்மா, அத்தை, இங்க வாங்க" என்று கூப்பிட்டாள் ஹெய்னி.

எல்லோரும் கட்டிலில் உட்கார, ஹெய்னி படித்தாள்.

'ஒரு கரடி குளிர்காலத்தின் நடுவில் விழித்துக்கொண்டது. அதன் நாக்கு மட்டும் இன்னும் தூங்கிக்கொண்டிருந்தது. கரடி ஒரு வீட்டுக் கதவைத் தட்டியது. நீ யார், என்ன வேண்டும், எங்கிருந்து வருகிறாய் என்று கேட்டார்கள். கரடியின் நாக்கு தூங்கியது. கதவைச் சாத்திவிட்டார்கள். இன்னொரு வீட்டிலும் அப்படித்தான். கடைசி வீட்டில் ஒரு பெண் இருந்தாள். அவள் கண்ணாடி போட்டிருந்தாள். அவள் ஒன்றும் கேட்கவில்லை. கரடிக்கு நாற்காலி போட்டாள். ரஸ்க் கொடுத்தாள். கரடி சாப்பிட்டது. அப்புறம் அதன் நாக்கு விழித்துக்கொண்டது. கரடி சொன்னது...'

அதற்கு மேல் இல்லை.

மார்கெத்தா மூக்கைத் துண்டால் துடைத்தாள். குளித்து வந்த ஈரம் போலும்.

ஹெய்னி ஒன்றும் கேட்கவில்லை. விரல்களை எழுத்துகளின் மேல் வைத்துக்கொண்டு காத்திருந்தாள்.

ஒன்னி திரையைப் பார்த்தான். காலை ஆட்டினான். பிறகு சொன்னான்: "'இன்னொரு ரஸ்க் இருக்கா?' அப்படின்னு சொல்லுச்சு."

ஹெய்னி அதை அடித்தாள். முற்றுப்புள்ளி வைத்தாள். நீல ரஸ்க்கில் ஒரு தடவை சேமித்தாள். பிறகு சீட்டு விளையாட்டைத் துடைத்துவிட்டு, கறுப்பு ரஸ்க்கிலும் ஒரு தடவை சேமித்தாள். இந்த முறை 'பிசையட்டுமா' என்று கணினி கேட்டபோது, சிரித்துக்கொண்டே 'ஆம்' என்று அமுக்கினாள்.

அப்போது வாசல் கதவு படாரென்று திறந்தது. சவுனாவிலிருந்து வெறும் துண்டோடு பனியில் புரண்டுவிட்டு, முகம் சிவக்க, மீசை வெள்ளையாக விறைத்து நிற்க, வெய்க்கோ மாமா உள்ளே வந்தார்.

"என்ன ஆச்சு? காஞ்சுதா? படிச்சுதா? கரடி என்ன ஆச்சு? யாராவது சொல்லுங்களேன்."

ஒன்னி எழுந்து போய், அடுப்பருகே இருந்த நாற்காலியை அவர் பக்கம் இழுத்துப் போட்டான்.

"மொதல்ல உக்காருங்க மாமா" என்றான். "மீச உருகட்டும். அப்புறம் பேசலாம்."

மாமா வாயை மூடிக்கொண்டு உட்கார்ந்தார். மீசையிலிருந்து முதல் சொட்டு விழுந்தது.